மூளையின் இருளறைக்கு விளக்கேற்றிய கணித மேதை ஜி. என். இராமச்சந்திரன்

வானத்து மீன்களின் எடையைக் கணக்கிட்ட மனிதன், ஆழ்கடலின் அடித்தரையை அளந்த மனிதன், தன் தலைக்குள் இருக்கும் மூளையைக் காண முடியாமல் நெடுங்காலம் தவித்தான். ஏறக்குறைய 1,400 கிராம் எடையுள்ள அந்தச் சிறு உறுப்புதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது, சிரிக்க வைக்கிறது, அழ வைக்கிறது, செபிக்க வைக்கிறது. ஆயினும் உயிரோடு இருக்கும் ஒருவரின் மூளையில் என்ன நேர்ந்துள்ளது என்று அறிய மருத்துவர்களுக்கு வழியில்லாதிருந்தது.

1895இல் ஜெர்மானிய விஞ்ஞானி ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். உடைந்த எலும்பு தெரிந்தது. விழுங்கிய காசு தெரிந்தது. ஆனால் மூளை தெரியவில்லை. கெட்டியான மண்டை ஓட்டின் வெள்ளை நிழல், உள்ளிருக்கும் மென்மையான மூளையை மறைத்துவிட்டது. 1919 முதல், மூளையைச் சூழ்ந்த நீரை வெளியேற்றிக் காற்றைச் செலுத்திப் படம் எடுக்கும் முறை ஒன்று வழக்கத்தில் இருந்தது. நோயாளிக்கு அது தாங்க முடியாத தலைவலியைத் தந்தது. அப்போதும் மூளையின் ஓரங்கள் மங்கலாகத் தெரிந்தனவே அன்றி, மூளை தெரியவில்லை.

இந்த இருளறைக்கு விளக்கேற்றியவர்களுள் ஒருவர் நம் திருச்சியிலே படித்தவர் என்றால் நமக்கு வியப்பும் பெருமையும் ஏற்படுகின்றன அல்லவா? அவர்தாம் கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன். அவருடைய வாழ்க்கையை இம்மலரில் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

திருநெல்வேலிச் சீமையில் உள்ள கோபாலசமுத்திரம் இவருடைய குடும்பத்தின் பூர்வீக ஊர். பிறந்தது எர்ணாகுளத்தில், 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள். தந்தை நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தார். தாயார் இலட்சுமி அம்மாள். வீட்டிலேயே கணித ஆசிரியர் இருந்தமையால், மற்றப் பிள்ளைகள் கதை கேட்கும் வயதில் இவர் கணக்கைக் கேட்டு வளர்ந்தார். கணக்கு இவருக்குச் சுமையாக இல்லை, விளையாட்டாக இருந்தது. பின்னாளில் இவர் தொட்ட ஒவ்வொரு துறையிலும் அந்த இளமைக் கணக்கே துணை நின்றது.

திருச்சியில் மூன்று ஆண்டுகள்

1939இல் இவர் திருச்சிராப்பள்ளி வந்தார். மலைக்கோட்டையும் தெப்பக்குளமும் அருகில் விளங்க, லூர்து அன்னை ஆலயத்தின் கோபுரம் உயர்ந்து நிற்கும் புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்தார். 1844இல் நாகப்பட்டினத்தில் இயேசு சபைக் குருக்களால் தொடங்கப்பெற்று, 1883இல் திருச்சிக்கு மாற்றப்பெற்ற பழம்பெரும் கல்லூரி அது. முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் பின்னாளில் இயற்பியல் பயின்றதும் அங்கேதான்.

அக்கல்லூரியில் இரண்டு ஆசிரியர்கள் இவர் உள்ளத்தைக் கவர்ந்தனர். ஒருவர் பேராசிரியர் பி. இ. சுப்பிரமணியம், மற்றவர் இயேசு சபைக் குருவான தந்தை இராஜம். இயற்பியலின் அழகை அவர்கள் இவருக்குக் காட்டினர். 1942இல் இவர் பட்டம் பெற்றார். நல்லாசிரியர் ஒருவர் கரும்பலகையில் எழுதுவது மணி அடித்ததும் அழிந்துவிடுகிறது. மாணவர் மனத்தில் எழுதுவதோ அழிவதில்லை. நம் பள்ளியில் நாள்தோறும் நின்றுகொண்டே பாடம் நடத்தும் அருட்சகோதரிகளையும் ஆசிரியைகளையும் இவ்விடத்தில் நாம் நினைத்துக்கொள்வது பொருந்தும்.

ஆசானும் மாணவரும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே ஸ்ரீரங்கத் தீவில் உள்ள திருவானைக்காவலை நாம் எல்லோரும் அறிவோம். அங்கே 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்தவர் சர் சி. வி. இராமன். 1930இல் நோபல் பரிசு பெற்ற அம்மேதை, 1942இல் பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக இருந்தார். காவிரியின் ஒரு கரையில் பட்டம் பெற்ற மாணவர், மறு கரையில் பிறந்த ஆசானைத் தேடிச் சென்றது போல, இராமச்சந்திரன் அவ்வாண்டே பெங்களூர் சென்றார்.

ஆனால் அவர் முதலில் சேர்ந்தது மின்பொறியியல் துறையில். விரைவிலேயே தம் மனம் இயற்பியலையே நாடுகிறது என்பதை உணர்ந்து இராமனை அணுகினார். இவருடைய அறிவுக்கூர்மையைக் கண்ட இராமன், மின்பொறியியல் துறைத் தலைவரிடம் தாமே பேசி, இந்த இளைஞர் உம் துறைக்கு மிஞ்சிய அறிவாளி என்று வேடிக்கையாகச் சொல்லித் தம் துறைக்கு மாற்றிக்கொண்டாராம். ஒளியும் எக்ஸ் கதிரும் படிகங்களில் பட்டு எவ்வாறு சிதறுகின்றன என்பதை இவர் இராமனிடம் ஆராய்ந்தார். 1945இல் இராஜலட்சுமி அம்மையாரை மணந்தார். 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டமும், இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜின் காவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் உழைத்து 1949இல் பிஎச்.டி. பட்டமும் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

சென்னையில் ஓர் எதிர்ப்பும் ஒரு வெற்றியும்

1952இல், முப்பது வயது நிறையுமுன்பே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானார். அப்போது துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார். நம் தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் நிறைந்துள்ள கொல்லாஜன் என்னும் புரதத்தின் வடிவத்தை ஆராய இராமச்சந்திரன் முற்பட்டார். அண்டையில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஆய்வுப் பொருள் தந்து உதவியது. கங்காருவின் வால் தசைநாணும் அவற்றுள் ஒன்று! 1954இல், கோபிநாத் கர்த்தா என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து, கொல்லாஜன் மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது என்று இவர் அறிவித்தார். பெண் பிள்ளைகள் பின்னும் மூன்று கால் பின்னலை நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும்.

மேனாட்டு அறிஞர் சிலர் இதை ஏற்கவில்லை. அம்மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று குறை கூறினர். இராமச்சந்திரன் சினந்து சண்டையிட்டாரா? மனமுடைந்து ஒதுங்கினாரா? இல்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டார். அதுவரை வெளிவந்த அளவுகளையெல்லாம் திரட்டிக் கணக்கிட்டார். அதன் பயனாக 1963இல், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளையலாம், எந்தக் கோணங்களில் வளைய முடியாது என்று காட்டும் ஒரு படத்தை வெளியிட்டார். இராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரில் உயிர்வேதியியல் பாடநூல்களிலெல்லாம் இன்று அது இடம் பெற்றுள்ளது. குறை கூறியவர்களே பெரிய கண்டுபிடிப்புக்குப் படிக்கல் ஆனார்கள்!

நிழல்களிலிருந்து உருவம்

இனி, நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். மண்டை ஓட்டுக்குள் பார்ப்பது எங்ஙனம்?

நம் மலைக்கோட்டையை எண்ணிப் பாருங்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து பார்த்தால் ஒரு தோற்றம்; உறையூரிலிருந்து பார்த்தால் வேறொரு தோற்றம்; பொன்மலையிலிருந்து பார்த்தால் மற்றொன்று. ஒரு திசையிலிருந்து கண்டவர் மலையின் முழு வடிவத்தைச் சொல்ல முடியாது. எல்லாத் திசைகளிலிருந்தும் கண்டு, அத்தனை தோற்றங்களையும் கணக்கிட்டு இணைத்தால் முழு வடிவம் கிடைத்துவிடும். தலையைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் மறுபுறம் வந்தது என்று அளந்தால், உள்ளே உள்ளதை ஒரு குறுக்குவெட்டுப் படமாகத் தீட்டலாம். இது முடியும் என்பதை 1917இலேயே ஆஸ்திரிய நாட்டுக் கணித அறிஞர் யோகான் ராடன் காட்டியிருந்தார். ஆனால் கணக்கு மிகப் பெரிது. அக்காலத்துக் கம்ப்யூட்டர்களோ மெதுவானவை.

நிழல்களை அவை வந்த வழியே திருப்பிப் பரப்பினால் என்ன ஆகும்? வாசலில் ஒரு புள்ளியை நோக்கிப் பல பக்கங்களிலிருந்தும் கோலமாவைக் கோடுகளாக இழுப்பதாக வைத்துக்கொள்வோம். கோடுகள் கூடும் இடத்தில் மாவு திரளும், புள்ளி தெரியும். ஆனால் சுற்றிலும் மாவு படர்ந்து, புள்ளியின் ஓரம் மங்கிவிடும். படமும் அவ்வாறே மங்கலாகிவிடும்.

இந்த மங்கலை நீக்கும் எளிய வழியை இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் 1971இல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டனர். ஒவ்வொரு நிழலையும் பரப்புவதற்கு முன்பே, அதன் இருபுறமும் குறிப்பிட்ட அளவு கழித்துத் திருத்திவிட வேண்டும். அவ்வாறு திருத்திய நிழல்களைப் பரப்பினால், தேவையற்ற படர்வு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உருவம் மட்டும் தெளிந்து நிற்கும். நீண்ட சிக்கலான கணக்குக்குப் பதில், கூட்டலும் பெருக்கலுமே போதும் என்றாயிற்று. காலமும் மிச்சம், துல்லியமும் மிகுதி. இவ்விருவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ராம்-லாக் வடிகட்டி என்று இன்றும் பொறியியல் மாணவர்கள் இதைப் படிக்கின்றனர்.

அதே 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், லண்டன் விம்பிள்டனில் உள்ள ஒரு மருத்துவமனையில், மூளைக்கட்டி இருக்கலாம் என்று ஐயுற்ற ஒரு பெண்மணியின் தலையை முதல் சி.டி. ஸ்கேன் கருவி படம் பிடித்தது. கட்டி இருந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. அக்கருவியை அமைத்தவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. இசைத்தட்டுகளால் பெயர் பெற்ற இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் அவர். இதற்குரிய கணக்கைத் தனியே ஆராய்ந்த ஆலன் கோர்மாக்குக்கும் அவருக்கும் 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த முதல் கருவி வேறொரு கணக்கு முறையைக் கையாண்டது என்பதையும் நாம் உண்மைக்காகச் சொல்ல வேண்டும். ஆனால் பின்வந்த கருவிகள், திருத்திய நிழலைத் திருப்பிப் பரப்பும் முறைக்கே மாறின. பல பத்தாண்டுகள் உலகெங்கும் மருத்துவமனைகளில் கோடிக்கணக்கான படங்களை உருவாக்கியது அந்த முறையே. பரிசு மேடையில் இராமச்சந்திரன் நிற்கவில்லை. அவர் தீட்டிய கணக்கு நோயாளியின் தலைமாட்டில் நின்றது.

மூளையைக் கண்ட பின்

கட்டியையும் இரத்தக் கசிவையும் காட்டுவதோடு இக்கருவி நிற்கவில்லை. மனநோய்க்கும் மூளைக்கும் உள்ள தொடர்பைக் காணவும் அது வழி திறந்தது. 1976இல் லண்டனை அடுத்த நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டன் என்னும் பெண் மருத்துவரும் அவருடைய தோழர்களும் மனச்சிதைவு நோயால் நெடுங்காலம் துன்புற்ற 17 பேரைச் சி.டி. ஸ்கேன் செய்தனர். மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. நோயாளிகளிடம் அவ்வறைகள் மற்றவர்களைவிடச் சராசரியாகப் பெரிதாயிருந்தன. சிறிய ஆய்வுதான்; ஆனாலும் உலக மருத்துவர்களை அது நிமிர்ந்து உட்கார வைத்தது.

பின்னர் காந்தத்தைக் கொண்டு படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. வந்தது. 2016இல் பல நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றுகூடி, 2,028 நோயாளிகளின் படங்களையும் நோயற்ற 2,540 பேரின் படங்களையும் ஒப்பிட்டனர். நீரறைகள் பெரிதாயிருப்பதும், நினைவுக்குத் துணைசெய்யும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி சற்றே சிறுத்திருப்பதும் உறுதியாயின.

இங்கே நாம் ஒன்றைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். இவையெல்லாம் சராசரிகள். ஒரு வகுப்பு மாணவியரின் சராசரி உயரத்தைக் கொண்டு, உள்ளே வரும் ஒருத்தி எந்த வகுப்பு என்று சொல்லிவிட முடியுமா? அதுபோல, ஒருவருடைய படத்தை மட்டும் பார்த்து அவருக்கு மனச்சிதைவு என்றோ மனச்சோர்வு என்றோ இன்றளவும் மருத்துவர் முடிவு கட்டுவதில்லை. மூளையின் அளவையும் மனத்தின் இயல்பையும் இணைத்துப் பேச வேண்டுமானால் ஆயிரக்கணக்கானோரை ஆராய வேண்டும் என்று 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு எச்சரித்தது. வேறு கோளாறு உள்ளதா என்று அறியப் படம் உதவும். மனநோயை அறிய, நோயாளியின் அருகமர்ந்து பொறுமையோடு கேட்கும் மருத்துவரின் செவியே இன்றும் முதற்கருவி.

மாணவியருக்கு மகிழ்ச்சி தரும் செய்தியும் ஒன்று உண்டு. லண்டன் மாநகரின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்தே அங்கு டாக்சி ஓட்ட உரிமம் பெற வேண்டும். அவ்வோட்டுநர்களின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாயிருப்பதை 2000இல் எலினர் மக்வயர் என்னும் பெண் விஞ்ஞானியின் குழு காட்டியது. ஓட்டிய ஆண்டுகள் கூடியோரிடம் அது இன்னும் பெரிதாயிருந்தது. மூளை பிறந்தபோதே வார்த்து முடிந்த சிலை அன்று. பழகப் பழக மாறும் மண் போன்றது என்று கருத இது இடம் தருகிறது. கணக்கு எனக்கு வராது என்று சோர்ந்து அமரும் தங்கைகள் இதை நினைவில் கொள்வார்களாக.

இறுதி ஆண்டுகள்

1970களின் தொடக்கத்தில் இராமச்சந்திரன் மீண்டும் பெங்களூர் சென்று, இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை நிறுவினார். 1977இல் லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். முதுமையில் அவர் எண்ணம், மனிதன் எவ்வாறு காரண காரியம் கண்டு சிந்திக்கிறான் என்பதில் சென்றது. பாரதத்தின் பழந்தர்க்க நூல்களின் கருத்துகளைக் கணிதக் குறியீடுகளாக வடிக்க முயன்றார். புரதத்தில் தொடங்கியவர் சிந்தனையின் வடிவத்தில் வந்து நின்றார்.

1998இல் வாழ்க்கைத் துணைவியார் மறைந்தது அவரைப் பெரிதும் வாட்டியது. பக்கவாதமும், நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயும் அவரைத் தளர்த்தின. இரண்டும் மூளையைத் தாக்கும் நோய்கள். பிறருடைய மூளையைக் காண வழி வகுத்தவர், தம் மூளையின் நோயால் துன்புற்றார் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கிறது. 1999இல் படிகவியலின் உயரிய விருதான எவால்டு பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார்.

நாம் பெறும் பாடம்

அவர் மறைந்து நான்கு மாதங்கள் சென்றபின், 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். சங்கிலியால் கட்டப்பட்டிருந்தமையால் அவர்களால் தப்பி ஓட இயலவில்லை. மூளையின் உள்ளறைகளையே படம் எடுத்துக் காட்டும் காலத்தில், அதே மூளையின் நோய்க்குச் சங்கிலியை மருந்தாகக் கருதிய கொடுமையை என்னென்பது! கருவி வளர்ந்துவிட்டது, நம் கருத்து வளரவில்லை. நல்ல வேளையாக, மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் முற்றிலும் தடை செய்துள்ளது.

நம் திருச்சிக்கு அருகே, காவிரியின் வடகரையில் உள்ள குணசீலத்திற்கு, மனம் நொந்த தம் உறவினரை அழைத்துச் சென்று 48 நாள் தங்கி வழிபடும் குடும்பங்களை நாம் அறிவோம். அங்கே கோயிலை ஒட்டியே மனநல மறுவாழ்வு இல்லமும் அமைந்திருக்கிறது. இறைவேண்டலும் மருத்துவமும் பகைகள் அல்ல. வேண்டுதல் மனத்திற்கு ஆறுதல் தரட்டும். மருத்துவர் நோய்க்கு மருந்து தரட்டும். ஆனால் சாபம் என்றும், செய்வினை என்றும், குடும்பத்தின் மானம் போய்விடும் என்றும் சொல்லி மனநோயை மூடி மறைப்பதுதான் பெருந்தீங்கு. காய்ச்சல் வந்த பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோர், உறங்காமலும் உண்ணாமலும் ஒருவரோடும் பேசாமலும் வாடும் பிள்ளையையும் அவ்வாறே அழைத்துச் செல்ல வேண்டாமா? தோழி ஒருத்தி இவ்வாறு வாடுவதைக் கண்டால், மாணவியரே, அவளை நகையாடாதீர்கள், தனியே விடாதீர்கள், நம்பிக்கைக்குரிய ஆசிரியையிடமோ அருட்சகோதரியிடமோ சொல்லுங்கள்.

மங்கலான நிழலைத் திருத்தி உண்மை உருவத்தைக் காண்பது எப்படி என்று இராமச்சந்திரன் உலகுக்குக் காட்டினார். மனநோயாளியைச் சூழ்ந்துள்ள அச்சம், வெட்கம், அறியாமை ஆகிய நிழல்களை நீக்கி, அவரும் நம்மைப் போன்ற ஒரு மனிதரே என்று காண்பது நம் கடமை. அதற்குப் பெரிய கணிதம் வேண்டா. சிறிது அறிவும் மிகுந்த அன்பும் போதும். இவ்விரண்டையும் வளர்க்கவே நாம் பள்ளிக்கு வருகிறோம். வாழ்க இராமச்சந்திரனார் புகழ்!